வீட்டில் சாப்பிடுவது வேறு, வீட்டில் சமைப்பது வேறு

"வெளிச் சாப்பாடே கிடையாது மேடம், எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்." உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். சென்ற வாரம் வந்த தம்பதியும் இதையே சொன்னார்கள். கணவருக்கு ரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை, ஆனாலும் இறங்கவில்லை. ஒவ்வொரு வேளையாகக் கேட்டேன். காலையில் ரெடிமேட் உப்புமா மிக்ஸ். மதியம் பாக்கெட் புளிக்காய்ச்சல் கிளறிய சாதம், அப்பளம், ஊறுகாய். மாலையில் பாக்கெட் சூப். இரவு ஃப்ரோசன் பரோட்டா, அதற்கும் பாக்கெட் கிரேவி. எல்லாம் வீட்டு அடுப்பில் சூடானவைதான். ஆனால் உப்பும் எண்ணெயும் எவ்வளவு என்று முடிவு செய்தது ஏதோ ஒரு தொழிற்சாலை.

"நாங்கள் உப்பே கம்மியாகத்தான் போடுவோம்" என்றார் அந்த அம்மா. போடுவது கம்மிதான், ஏற்கெனவே போட்டு வந்ததை யார் கணக்கில் எடுப்பது? உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் அளவு. அதில் ஊறுகாயும் அப்பளமும் பிஸ்கட்டும் அடக்கம். பாக்கெட்டின் பின்பக்கம் சோடியம் என்று எழுதியிருப்பதை 2.5 ஆல் பெருக்குங்கள், உப்பின் அளவு வரும். 1,200 மில்லிகிராம் சோடியம் என்றால் 3 கிராம் உப்பு. நாக்கை நம்பாதீர்கள், ரொட்டியும் இனிப்பு பிஸ்கட்டும் கரிப்பதில்லை, உப்பு இருக்கிறது.

இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்பவர்களுக்கு: அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

சரி, முதலிலிருந்து நாமே சமைத்தால் என்ன கிடைக்கும்? ரசத்தையே பாருங்கள். புளியைக் கரைத்து, மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கிக் கொத்தமல்லி தூவினால், அந்தப் புளிப்பிலும் காரத்திலும் உப்புக் குறைந்தது பெரிதாகத் தெரியாது. சில வாரங்களில் நாக்கும் பழகிவிடும், பிறகு பழைய ஊறுகாயே கரிக்கும். எண்ணெய் பாட்டிலில் எவ்வளவு இறங்கியது என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று, சாப்பிடும் அளவும் குறையும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் ஆலையில் அதிகம் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். பரிமாறியதில் சர்க்கரை, உப்பு, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வேண்டியமட்டும் சாப்பிடலாம் என்று விட்டதில், ஆலை உணவின்போது சராசரியாக ஒருவர் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார். எடையும் ஏறியது.

நேரமில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. மூன்று வேளையும் அம்மியில் அரைக்கச் சொல்லவில்லை. அரிசியும் உளுந்தும் மட்டும் உள்ள இட்லி மாவைச் சுத்தமான கடையில் வாங்கினால் நான் திட்ட மாட்டேன். பயறை இரவே ஊறவையுங்கள். சாம்பார்ப் பொடியை மாதத்துக்கு ஒருமுறை வறுத்து, உப்பில்லாமல் அரைத்து வையுங்கள். முதலில் கிரேவி, சூப், நூடுல்ஸ் பாக்கெட்டுகளை வாங்குவதை நிறுத்துங்கள். ஆண்களே, தயவுசெய்து நீங்களும் காய் நறுக்குங்கள். ஒருவர் தலையிலேயே எல்லாம் விழுவதால்தான் பாக்கெட் வீட்டுக்குள் வருகிறது.

இப்படி மாற்றிச் சில வாரங்களில் ரத்த அழுத்தம் இறங்கினால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் பார்த்த அளவுகளைத் தேதியோடு எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள், குறைப்பதா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.