ஹப்: வண்டிச் சக்கரத்திலிருந்து வரவேற்பறைக்கு

விளக்கு, ஏசி, கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஒரே செயலியில் இயக்கலாம் என்று விற்கும் சாதனங்களோடு 'ஹப்' என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. செல்பேசியில் இருக்கும் செயலிதான் ஹப் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். செயலி வெறும் முகம்தான். ஹப் என்பது ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டி.

அது எதற்கு? ஸ்மார்ட் பல்புகள், சென்சார்கள் பலவும் ஜிக்பீ என்ற குறைமின் ரேடியோவில் பேசுகின்றன. சென்சார்கள் பொத்தான் பேட்டரியிலேயே நெடுநாள் ஓட அது வசதி. ஆனால் நம் செல்பேசிகளில் பொதுவாக ஜிக்பீ கிடையாது. நடுவில் இரண்டு மொழியும் தெரிந்த ஒன்று வேண்டும். 2012இல் வந்த பிலிப்ஸ் ஹியூ பல்புகளோடு அப்படி ஒரு பெட்டியும் வந்தது. அவர்கள் அதை 'பிரிட்ஜ்' என்றார்கள், அதாவது பாலம். இரண்டு கரைகளுக்கு அது சரி. பத்துக் கருவிகள் ஓரிடத்தில் கூடும்போது ஹப் என்பதே பொருத்தம்.

ஆங்கிலத்தில் ஹப் என்றால் முதலில் சக்கரத்தின் நடுக்கட்டைதான். 17ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்குகிறது, பிறப்பு தெளிவில்லை. அதற்கு முன்பே அங்கே இருந்த சொல் 'நேவ்'. சமஸ்கிருத 'நாபி'க்கு அது உறவு. நாபிக்குத் தொப்புள், சக்கரத்தின் நடு என இரண்டு பொருளும் உண்டு. 1858இல் அமெரிக்க எழுத்தாளர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ், பாஸ்டன் நகரின் அரசு மாளிகையைச் சூரிய மண்டலத்தின் ஹப் என்று கிண்டலாக எழுதினார். பாஸ்டன்காரர்கள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்கள்! விமான நிலையம், கணினி வலை என்று அந்தச் சொல் பிற்பாடு ஊர் சுற்றியது.

தமிழில் பெரும்பாலும் 'மையம்' என்று எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் திருப்தியில்லை. பயிற்சி மையம், தேர்வு மையம், வட்டத்தின் மையம் என்று அது ஏற்கெனவே களைத்துப்போன சொல். சக்கரத்தின் இந்த உறுப்புக்கோ நம்மிடம் சொந்தப் பெயரே இருக்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் சுற்றிலும் வட்டை, உள்ளே ஆரக்கால்கள், அவை வந்து செருகும் நடுக்கட்டை 'குடம்'. அச்சு அதற்குள் நுழையும். பழைய பெயர் குறடு. புறநானூற்றில் ஆரக்கால் சூழ்ந்த குறடு வருகிறது. ஆனால் இன்று குறடு என்றால் ஆணி பிடுங்கும் கருவிதான் நினைவுக்கு வரும்.

குடம் என்று மட்டும் சொன்னால் தண்ணீர்க் குடம் என்பார்கள். அதனால் 'இணைப்புக்குடம்' என்கிறேன். ஆரக்கால்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, எல்லாம் குடத்தில்தான் சேருகின்றன. வேறு வேறு கம்பெனிக் கருவிகளுக்கும் இதே கதைதான்.

2022 அக்டோபரில் 'மேட்டர்' என்ற பொதுத்தரம் வெளியானது. ஆப்பிள், கூகுள், அமேசான் உள்ளிட்ட பல நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. மேட்டர் முத்திரையுள்ள பல்பை மேட்டரை ஏற்கும் எந்தச் செயலியிலும் சேர்க்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளிலும் வைத்துக்கொள்ளலாம். சரி, இனி ஹப் வேண்டாமா? வெளியூரிலிருந்து விளக்கை அணைக்க வேண்டுமானால் வீட்டில் எப்போதும் விழித்திருக்கும் ஒன்று தேவை. தனிப்பெட்டியாக இல்லாமல், இப்போது அது பல வீடுகளில் ஸ்மார்ட் ஸ்பீக்கருக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே புது பல்பு வாங்குமுன் கடைக்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: "இதற்குத் தனி இணைப்புக்குடம் வேண்டுமா, வீட்டில் இருக்கும் ஸ்பீக்கரே போதுமா?"