போனை நீட்டுவதற்கு முன்னால்: ஒரு ரெஃப்ரீ சொல்ல நினைப்பது

வியாசர்பாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கால்பந்து இறுதிப் போட்டி. ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லை. பெனால்டி பாக்ஸுக்குள் ஒரு டிஃபென்டர் சறுக்கி விழுகிறான். பக்கத்தில் இருந்த அவன் டீம் பையன் காலில் பட்டுத் திரும்பிய பந்து, தரையில் ஊன்றியிருந்த இவன் கையில் மோதிவிட்டுப் போகிறது. நான் நாலைந்து மீட்டர் தள்ளித்தான் நின்றேன். ஆட்டம் தொடரட்டும் என்று கை காட்டினேன்.

அவ்வளவுதான். "ஹேண்ட் சார், ஹேண்ட்!" என்று ஆறு பேர் சுற்றிக்கொண்டார்கள். பந்து வெளியே போனதும் எதிரணி மேனேஜர் கோட்டைத் தாண்டி ஓடிவந்து போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து யாரோ எடுத்த வீடியோ. விரலால் பெரிதாக்கி, மெதுவாக ஓட்டிக் காட்டினார். "நல்லாப் பாருங்க சார். கையில பட்டிருக்கா, இல்லையா?"

"பட்டதை நானும் பார்த்தேன் அண்ணே" என்றேன்.

அவருக்கு ஒரு நொடி பேச்சு வரவில்லை. பட்டதைப் பார்த்தும் எப்படிப் பெனால்டி தராமல் இருக்க முடியும் என்று உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. இருபது வருடமாகச் சென்னையில் மாவட்ட அளவிலான ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறேன். புதிதாக வரும் ரெஃப்ரீக்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். கிரவுண்டில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன. என்ன நடந்தது என்பது ஒரு கேள்வி. நடந்தது குற்றமா என்பது வேறு கேள்வி. கேமரா முதல் கேள்விக்குப் பதில் சொல்லும். இரண்டாவதற்கு ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டும்.

பந்து கையில் பட்டாலே ஹேண்ட் என்று ஆட்டவிதிகளில் எங்கும் இல்லை. வேண்டுமென்றே கையைப் பந்துக்குக் கொண்டுபோனால் குற்றம். உடம்பை இயல்புக்கு மாறாக அகலமாக்கும்படி கை இருந்து, அதில் பந்து பட்டாலும் குற்றம். தன் கையில் பட்ட பந்து, தெரியாமல் பட்டிருந்தாலும், நேராக கோலுக்குள் போனால் அந்த கோல் செல்லாது. அந்த ஆட்டத்தில் அந்தப் பையன் விழுந்துகொண்டிருந்தான். விழுகிறவன் கையைத் தரையில் ஊன்றத்தான் செய்வான். கை அங்கே இருந்தது உடம்பின் அசைவுக்குப் பொருத்தமாக இருந்ததா என்று நான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்தேன். வேறொரு நல்ல ரெஃப்ரீ அதே இடத்தில் வேறு மாதிரி முடிவெடுத்திருக்கலாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

"வி.ஏ.ஆர். இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று அன்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். தனி அறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக் களத்து நடுவருக்கு உதவும் நடுவர்தான் வி.ஏ.ஆர். இருந்திருந்தாலும் ஆகியிருக்கும். 2018 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பிரான்ஸுக்கும் குரோஷியாவுக்கும் 1-1. கார்னரிலிருந்து வந்த பந்து குரோஷியாவின் பெரிசிச் கையில் படுகிறது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த நடுவர் நெஸ்டர் பிட்டானா ஓரத்தில் இருந்த திரைக்குப் போய்ப் பார்த்தார், திரும்பி நடந்தார், மறுபடியும் போய்ப் பார்த்தார். பிறகு பெனால்டி கொடுத்தார். கிரீஸ்மான் அடித்தார். எத்தனையோ கேமராக்கள், உலகமே பார்க்கும் திரை. அப்படியும் அது பெனால்டியா இல்லையா என்ற வாதம் இன்றைக்கும் ஓயவில்லை. கையில் பட்டதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

ஆட்டவிதிகளை வகுக்கும் ஐ.எஃப்.ஏ.பி. 1886-ல் தொடங்கிய அமைப்பு. 2018 மார்ச்சில்தான் வி.ஏ.ஆரை விதிகளுக்குள் சேர்த்தார்கள். எல்லாத் தவறையும் திருத்த அதைக் கொண்டுவரவில்லை. கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி சிவப்பு அட்டையா, தப்பான ஆளுக்கு அட்டை போய்விட்டதா. இந்த நாலுக்காகத்தான் அதை வகுத்தார்கள். அதிலும் தெளிவான, வெளிப்படையான தவறாக இருக்க வேண்டும், அல்லது நடுவர் கண்ணிலேயே படாமல் போன பெரிய சம்பவமாக இருக்க வேண்டும். ரெஃப்ரீ முதலில் தானே ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். "எனக்குத் தெரியல, நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று அறைக்குத் தள்ளிவிட முடியாது. அறையில் இருப்பவரும் "நானாக இருந்தால் என்ன கொடுத்திருப்பேன்" என்று யோசிக்கக் கூடாது. "அவர் கொடுத்தது அப்பட்டமான தவறா" என்றுதான் யோசிக்க வேண்டும். டிவியில் பார்க்கும்போது ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபவுலில் ஒன்று மாறுகிறது, இன்னொன்று மாறுவதில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மெதுவாக ஓட்டிப் பார்ப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மேனேஜர் செய்ததும் அதுதான். ஒரு டேக்கிளை மெதுவாகப் பார்த்தால், அடிக்க வேண்டும் என்றே காலைக் கொண்டுபோனது போலத் தெரியும். யோசிக்க நேரம் இருந்தது போலத் தெரியும். அந்தப் பையனுக்கு உண்மையில் அரை நொடிகூட இருந்திருக்காது. அதனால்தான், எங்கே பட்டது, உள்ளேயா வெளியேயா போன்ற விஷயங்களுக்கு மட்டும் மெதுவான காட்சி, எவ்வளவு வேகமாக மோதினான், ஹேண்ட் குற்றமா என்பதற்கு இயல்பான வேகம் என்று வி.ஏ.ஆர். நெறிமுறையே சொல்கிறது. உங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும் க்ளிப் எந்த வேகத்தில் இருக்கிறது என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

கேமரா தெளிவாகத் தீர்க்கும் விஷயம் ஒன்று இருக்கிறது: கோடு. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்து வெளியே வந்தது. கோல் கிடைக்கவில்லை. 2014 உலகக் கோப்பைக்குள், பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்று சொல்லும் கோல்லைன் தொழில்நுட்பம் வந்துவிட்டது. 2022-ல் ஜப்பான், ஸ்பெயின் ஆட்டத்தில் ஜப்பானின் மிட்டோமா எண்ட்லைனில் இருந்து இழுத்துவந்த பந்து கோலானது. டிவியில் பார்த்த எல்லோரும் பந்து வெளியே போய்விட்டது என்றுதான் நினைத்தோம். பந்து முழுவதும் கோட்டை முழுவதும் தாண்டினால்தான் வெளியே. பந்து தரையைத் தொடும் இடம் கோட்டுக்கு வெளியே இருந்தாலும், மேலிருந்து பார்த்தால் அதன் வயிறு கோட்டுக்கு மேலே இருக்கலாம். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி போட்டியிலிருந்து வெளியேறியது. மேலிருந்து எடுத்த அந்தப் புகைப்படத்தை என் வகுப்பில் ஒவ்வொரு முறையும் காட்டுகிறேன். பிறகு எல்லோரையும் கிரவுண்டுக்குக் கூட்டிப்போய், சுண்ணாம்புக் கோட்டில் பந்தை வைத்து, கால் பங்கு, அரைப் பங்கு என்று நகர்த்தி, குனிந்து பார்க்கச் சொல்கிறேன். பக்கவாட்டில் இருந்து பார்ப்பவனும் கோட்டுக்கு நேராக நிற்பவனும் வேறு வேறு பதில் சொல்வார்கள். கேலரியில் இருந்து பார்ப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்சைடு இன்னும் நுணுக்கமானது. பாஸ் கொடுக்கும் நொடியில் ஒருவன் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்கிறானா என்று பார்க்க வேண்டும். ஓடுகிற பையன் நொடிக்கு ஒன்பது மீட்டர் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். வீடியோவில் நொடிக்கு 50 ஃப்ரேம் என்றால், ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவன் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவான். டிஃபென்டர் எதிர்ப்பக்கம் ஓடிவந்தால் வித்தியாசம் இன்னும் கூடும். பாஸ் கொடுத்த கால் பந்தைத் தொட்டது எந்த ஃப்ரேமில் என்பதே பிரச்சினையாகிவிடும். அதனால்தான் 2022 உலகக் கோப்பையில் மேற்கூரையில் 12 கேமரா, ஒவ்வொரு வீரர் உடம்பிலும் கண்காணிக்க 29 புள்ளிகள், பந்துக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார் என்று கொண்டுவந்தார்கள். அவ்வளவு வேண்டியிருக்கிறது. நம் ஊரில் கொடி பிடிப்பவனுக்கு இரண்டு கண்.

சரி, கருவிகள் எல்லாம் இருந்தால் தவறே நடக்காதா? 2023 செப்டம்பர் 30, இங்கிலாந்தில் டாட்டனம், லிவர்பூல் ஆட்டம். லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலுக்கு ஆஃப்சைடு கொடி. வி.ஏ.ஆர். அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள், ஆன்சைடு என்று சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் களத்தில் கோல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு "செக் கம்ப்ளீட்" என்று சொல்லிவிட்டார்கள். களத்து நடுவர், ஆஃப்சைடு உறுதியானது என்று எடுத்துக்கொண்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. தொடங்கிவிட்டால் திரும்பிப் போக விதியில் இடமில்லை. லிவர்பூல் 2-1 என்று தோற்றது. பெரிய மனிதத் தவறு என்று நடுவர் அமைப்பு ஒத்துக்கொண்டு, ஒலிப்பதிவையும் வெளியிட்டது. அதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கேமரா, கோடு எல்லாம் சரி. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட இரண்டு வார்த்தை தப்பாகப் போனது. அதற்கப்புறம் என் உதவி நடுவர்களிடம் ஒன்றைக் கட்டாயமாக்கிவிட்டேன். "ஓகே சார்" என்று மட்டும் சொல்லக் கூடாது. "கோல் இல்லை, ஆஃப்சைடு, ஏழாம் நம்பர்" என்று முழுதாகச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டு கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல்.லில் வி.ஏ.ஆர். கிடையாது. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. ஆட்டம் பார்க்க வருகிற பலர் இருந்தே ஆக வேண்டும் என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்ததைப் பாருங்கள். நாக்அவுட் ஆட்டம், கூடுதல் நேரம். பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீகிக்கைச் சட்டென்று அடித்து கோலாக்கினார். கேரளா பிளாஸ்டர்ஸ் வீரர்கள் தயாராகவே இல்லை. ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள். பின்னர் கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம். எதிரணி தயாராகும் வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் ஃப்ரீகிக் அடிப்பவருக்கு இல்லை. விசிலுக்குக் காத்திரு என்று ரெஃப்ரீ சொல்லியிருந்தால்தான் காத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ரெஃப்ரீ என்ன சைகை செய்தார், யாரிடம் என்ன சொன்னார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எத்தனை கேமரா வைத்தாலும் இந்த வாதம் அப்படியே இருந்திருக்கும்.

டிவியில் கற்றுக்கொள்ளும் கோபம் நேராக நம் கிரவுண்டுக்கு வருகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். பன்னிரண்டு வயதுப் பையன் வீடியோவைப் பார் என்று விரலால் காற்றில் சதுரம் போட்டுக் காட்டுகிறான். வி.ஏ.ஆர். இருக்கும் ஆட்டத்திலேயே அதை அளவுக்கு மீறிச் செய்தால் மஞ்சள் அட்டை. பெற்றோர் வெளியிலிருந்து கெட்ட வார்த்தையில் திட்டுகிறார்கள். 2023 டிசம்பரில் துருக்கியில் ஒரு கிளப்பின் தலைவரே களத்துக்குள் இறங்கி நடுவர் ஹலீல் உமுத் மெலரின் முகத்தில் குத்தினார். கீழே விழுந்தவரை உதைத்தார்கள். லீக்கையே நிறுத்தி வைத்தார்கள். அது எங்கோ நடந்தது என்று நான் நினைப்பதில்லை. இங்கே போலீஸும் இல்லை, வேலியும் இல்லை.

அதனால் மேனேஜர்களிடமும் பெற்றோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். சந்தேகம் இருந்தால் கேப்டன் மட்டும் வந்து கேட்கட்டும், பதில் சொல்வோம். வி.ஏ.ஆர். இல்லாத ஆட்டத்தில் வீடியோவைப் பார்த்து முடிவை மாற்ற எனக்கு அனுமதி கிடையாது. நீங்கள் போனை நீட்டினால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் வேண்டும், அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவன் பந்தில்லாத இடத்தில் அடித்தது வீடியோவில் இருந்தால், ஆட்டம் முடிந்ததும் போட்டி நடத்துபவர்களிடம் எழுதிக் கொடுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு அது உதவும். தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பையில் உதவி நடுவராக நின்றார். அவர் மாதிரி இன்னொருவர் வர வேண்டும் என்றால், முதல் ஆண்டில் கொடி பிடிக்கும் பிள்ளை இரண்டாம் ஆண்டும் வர வேண்டும்.

அந்த வியாசர்பாடி இறுதி ஆட்டத்தில் கொடி பிடித்தது ஒரு கல்லூரி மாணவன். அது அவனுக்கு மூன்றாவது ஆட்டம். முடிவு என்னுடையது, ஆனால் கூட்டம் அவனைத்தான் முதலில் பிடித்தது. கொடியைப் பிடுங்கி எறிந்தார்கள், சட்டைக் காலர் கிழிந்தது. ராத்திரி செய்தி அனுப்பினான்: "சார், அடுத்த வாரம் நான் வரல." மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா காபி கொடுத்துவிட்டு, "காசுக்காகவா சார் இதுக்குப் போறான்? அப்புறம் எதுக்கு அடி வாங்கணும்?" என்று கேட்டார். சரியான பதில் என்னிடம் இல்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை.

இரண்டு வாரம் அவன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு, எனக்கு முன்னாலேயே கிரவுண்டுக்கு வந்திருந்தான். கையில் கொடியோடு கோட்டை ஒட்டியே குனிந்து நடந்துகொண்டிருந்தான். கார்னர் பக்கம் போய் நின்று, காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்தான்.

"சார், இங்க கோடு அழிஞ்சிருக்கு. சுண்ணாம்பு போடச் சொல்லட்டா?"

"சொல்லு" என்றேன்.