கம்பேக் ஆல்பம் – சொல் விளக்கம்

நெடுங்காலம் ஓய்ந்திருந்த ராப் கலைஞர் புதுப் பாடல்களின் முழுத் தொகுப்போடு திரும்பினால், அதைக் 'கம்பேக் ஆல்பம்' என்கிறோம். இந்த இரண்டு சொற்களுமே தமிழில் சற்றுப் பிசகிப் புழங்குகின்றன.

'ஆல்பம்' இலத்தீன் சொல். 'ஆல்பஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் அரசு அறிவிப்புகளை எழுதி வைத்த வெண்பலகைதான் முதல் ஆல்பம். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிய வெற்றேட்டுக்கும், பிற்பாடு தபால்தலையும் படமும் ஒட்டும் ஏட்டுக்கும் அந்தப் பெயர் போயிற்று. இசைக்கு வந்தது இசைத்தட்டின் உறை வழியாக. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 3 நிமிடமே அடங்கும். நீண்ட இசை என்றால் நாலைந்து தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைப் பட ஏடு போல் தைத்த உறைகளில் செருகி விற்றார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கொள்ளும் அந்த ஒரே தட்டில் எல்லாம் அடங்கிவிட, ஏடு ஒழிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆகவே ஆல்பம் என்பதன் உயிர் பன்மையில் இருக்கிறது. ஆப்பிள் மியூசிக் என்ற இணைய இசைச்சேவையின் கணக்கில் குறைந்தது 7 பாடல்களோ 30 நிமிடத்துக்கு மேலோ இருந்தால்தான் ஆல்பம். 4 முதல் 6 பாடல்கள், 30 நிமிடத்துக்குள் என்றால் அது இ.பி. (எக்ஸ்டெண்டட் பிளே) எனும் சிறு தொகுப்பு. நம்மிடமோ படத்தில் இடம்பெறாத ஒற்றைப் பாட்டுக்கே 'ஆல்பம் சாங்' என்று பெயர் விழுந்துவிட்டது. அதனால் 'கம்பேக் ஆல்பம்' என்ற தலைப்பைப் பார்த்துப் போனால் மூன்றரை நிமிடக் காணொளி ஒன்றுதான் கிடைக்கிறது. அதைத் தனிப்பாடல் என்று எழுதுவதே சரி.

ஆல்பத்துக்கு 'இசைத்தொகுப்பு' பரவலாக வழங்குகிறது, 'இசைப்பேழை'யும் உண்டு. பேழை பெட்டியைக் குறிப்பது. கேசட் காலத்துக்குப் பொருந்திய சொல், இணையத்தில் மட்டும் வெளியாகும் இசைக்கு ஒட்டவில்லை. தொகுப்பே மேல். குறுந்தொகை, கலித்தொகை என்று பாட்டுகளைச் சேர்த்துக் கட்டியதற்கு நாம் பெயரிட்ட வேர் அதுதான். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இன்னும் நுட்பமாகப் போகிறது. தனித்தனிப் பாட்டுகள் சேர்ந்தது தொகைநிலை. ஒன்றையொன்று தொடர்ந்து நடப்பது தொடர்நிலை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே கதை சொல்லும் ராப் ஆல்பத்தைத் 'தொடர்நிலைத் தொகுப்பு' என்றால் கச்சிதமாகப் பொருந்துகிறது. 'கான்செப்ட் ஆல்பம்' என்று திணற வேண்டியதில்லை.

'கம்பேக்' என்பதற்குத் 'திரும்பி வருதல்' போதாது. கடைக்குப் போனவரும்தான் திரும்பி வருகிறார். 'மீள்' என்ற வினையில் திரும்புதலோடு துன்பத்திலிருந்து விடுபடுதலும் இருக்கிறது: நோயிலிருந்து மீண்டார், கடனிலிருந்து மீண்டார். போதைப் பழக்கம், குழு முறிவு, நிறுவனத்தோடு தகராறு என்று ஏதோ ஒன்றில் சிக்கி வெளிவரும் கலைஞருக்கு 'மீள்வரவு' அழகாக அமைகிறது. ராப்புக்குச் 'சொல்லிசை' ஏற்கெனவே வேரூன்றிய சொல். சேர்த்துச் சொன்னால் சொல்லிசை மீள்வரவுத் தொகுப்பு. 'மறுவெளியீடு' என்று எழுதிவிடக் கூடாது. அது பழைய தொகுப்பையே மீண்டும் விற்பது.

எது மீள்வரவு? முந்தைய ஸ்டூடியோ தொகுப்பின் ஆண்டிலிருந்து எண்ண வேண்டும். இடையில் பிறர் பாட்டில் பாடிக்கொடுத்த வரிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. அமெரிக்க ராப் உலகில் டாக்டர் ட்ரேவுக்கு 1999க்குப் பின் 2015. ஏ ட்ரைப் கால்டு குவெஸ்ட் குழுவுக்கு 1998க்குப் பின் 2016. க்ளிப்ஸ் சகோதரர்களுக்கு 2009க்குப் பின் 2025. கேட்பாரற்றுக் கிடந்த பழைய பதிவுகளைத் திரட்டி விற்பதும், கலைஞர் இறந்தபின் வெளியாவதும் இதில் சேரா. கொரிய பாப் உலகில் சில மாத இடைவெளிக்குப் பின் வரும் எந்தப் புது வெளியீட்டுக்கும் 'கம்பேக்' என்றே பெயர். அதைத் தமிழில் 'புது வெளியீடு' என்று பெயர்த்தால் போதும்.

எல்லையில் நிற்பவர் அவுட்காஸ்ட் என்ற அமெரிக்க ராப் இணையின் ஆண்ட்ரே 3000. 2006இல் வந்த குழுத் தொகுப்புக்குப் பிறகு, 2023இல் அவர் தனியாக வெளியிட்டது புல்லாங்குழல் இசை. அதில் ராப் வரியே கிடையாது. அதை மீள்வரவு எனலாம், சொல்லிசைத் தொகுப்பு எனலாகாது.