பிளே காலிங்: யாரை அழைக்கிறார்கள்?

‘ஆஃபென்சிவ் பிளே காலிங்’ என்பதை அகராதியை வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘புண்படுத்தும் நாடக அழைப்பு’ என்று வந்து நிற்கும். அமெரிக்கக் கால்பந்தில் தோற்ற அணியின் ரசிகர்கள் மறுநாள் முதலில் திட்டுவது இதைத்தான். ஆனால் அங்கே நாடகமும் கிடையாது, யாரையும் அழைப்பதும் கிடையாது.

அந்த ஆட்டம் நம் கால்பந்து போல ஓடிக்கொண்டே இருக்காது. கிரிக்கெட்டில் பந்துக்குப் பந்து நிற்பது போல, ஒவ்வொரு முயற்சிக்குப் பிறகும் நின்றுவிடும். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். யார் எந்தப் பக்கம் ஓடுவது, பந்து யார் கைக்குப் போவது என்று முன்பே பழகிவைத்த திட்டம் ஒன்று ஒவ்வொரு முயற்சிக்கும் உண்டு. அந்தத் திட்டம்தான் ‘பிளே’. கையிலுள்ள பல திட்டங்களில் ‘இப்போது இது’ என்று ஒன்றை எடுத்துச் சொல்வது ‘காலிங்’. பந்தை வைத்திருக்கும் அணி ‘ஆஃபென்ஸ்’, அதாவது தாக்கும் அணி.

சொல்வது என்றால் நிஜமாகவே வாயால் சொல்வதுதான். தாக்கும் அணியைக் களத்தில் நடத்தும் ஆட்டக்காரரான ‘குவாட்டர்பேக்’ சகாக்களை வட்டமாகக் கூட்டி, திட்டத்தின் பெயரைச் சொல்வார். ஒருகாலத்தில் எதை ஆடுவது என்று முடிவெடுப்பதும் பெரும்பாலும் அவர்தான். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் பயிற்சியாளர் பால் பிரவுன் அந்த அதிகாரத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். முயற்சிக்கு ஒரு ஆட்டக்காரரை மாற்றி உள்ளே அனுப்புவார். போகிறவர் வாயில் திட்டமும் போகும். 1956இல் குவாட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்தும் பார்த்தார், போட்டிகளை நடத்தும் லீக் தடை போட்டது. அதே ரேடியோவை 1994இல் லீக்கே அனுமதித்தது வேறு கதை. இன்று பயிற்சியாளர் குவாட்டர்பேக்கின் காதுக்குள்ளேயே பேசுகிறார். அதனால் ரசிகர்களின் திட்டும் பயிற்சியாளருக்கே போகிறது.

சரி, தமிழில்? ‘ஆட்ட அழைப்பு’ கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. ‘வியூகம்’ முழு ஆட்டத்துக்கும் போட்டுவைக்கும் ஏற்பாடு; ஒரு முயற்சிக்கு அது பெரிய சட்டை. ‘காய் நகர்த்தல்’ அருமையான வழக்கு, ஆனால் அரசியல் செய்தியில் அடிபட்டு அதற்குச் சூழ்ச்சி வாடை ஏறிவிட்டது. என் ஓட்டு ‘நகர்வுத் தேர்வு’க்கு. பிளே நகர்வு, காலிங் தேர்வு. உரக்கச் சொல்வது என்ற பொருள் இதில் விடுபடுகிறது, உண்மைதான். ஆனால் ரசிகர் குறை சொல்வது குரலையா, தேர்வைத்தானே?

இந்தக் குறைக்குப் பேர்போன உதாரணம் 2015 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல், அதாவது லீக்கின் இறுதிப் போட்டி. நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. அரை நிமிடம்கூட மீதமில்லை. பந்து சியாட்டில் கையில், புள்ளி எடுக்கத் தாண்ட வேண்டிய கோட்டுக்கு ஒரே கெஜம். முந்தைய முயற்சியில்தான் அந்த அணியின் மார்ஷான் லின்ச் முட்டிமோதி நான்கு கெஜம் ஓடியிருந்தார். அவரிடமே பந்தைக் கொடுத்து ஓடவிடாமல், சியாட்டில் அதை இன்னொருவருக்கு வீசியது. நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பாய்ந்து பிடித்துவிட்டார். ‘என்ன மாதிரி நகர்வுத் தேர்வு இது!’ என்று அன்று கிளம்பிய கூச்சல் இன்னும் ஓயவில்லை. சியாட்டில் பயிற்சியாளர் பீட் கரோல் பழியைத் தானே ஏற்றார். வீச்சு தவறி விழுந்தால் கடிகாரம் நிற்கும், இன்னும் இரண்டு முயற்சி மிஞ்சும் என்ற கணக்கு அதில் இருந்தது. பட்லரோ, போட்டிக்கு முந்தைய பயிற்சியில் அதே நகர்வில் ஏமாந்தவர்.