வெளியில் தீட்டிய ஓவியம் அறைக்குள் ஏன் மங்குகிறது?

மரநிழலிலிருந்து சற்று விலகி, நல்ல வெயிலில் அமர்ந்து, கண்ணுக்கு நிறைவாகும் வரை வண்ணம் சேர்த்து முடித்த ஓவியத்தை அறைக்குள் கொண்டுவந்து வைத்தால், அது இருண்டும் சோர்ந்தும் காணப்படுவதை வெளிப்புறத்தில் தீட்டிப் பழகியவர்கள் அறிவார்கள். பலர் இதைத் தம் கைத்திறனின் குறையாக எண்ணி வருந்துகிறார்கள். உண்மையில் தாளும் காய்ந்த வண்ணமும் அப்படியேதான் இருக்கின்றன. மாறியவை அவற்றின் மேல் விழும் ஒளியும், அதற்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ளும் கண்களும்தான்.

நேரடி வெயிலில் ஒளியின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு); நன்றாக விளக்கேற்றிய அறையிலோ அது 300 முதல் 500 லக்ஸ் வரைதான். இருநூறு மடங்குக்கும் குறையாத இந்த வேறுபாட்டை நாம் உணர்வதே இல்லை. கண்ணின் பாவை சுருங்கி விரிவதால் சமாளிக்கக்கூடியது ஏறக்குறைய 16 மடங்கு மாற்றத்தை மட்டுமே. எஞ்சியதை விழித்திரையின் செல்களும் நரம்புகளும் தம் உணர்திறனைக் கூட்டியும் குறைத்தும் ஈடுசெய்கின்றன. ஆனால் அந்த ஈடு முழுமையானதன்று. ஒளி மிகும்போது ஒரே வண்ணம் அதிகச் செழுமையுடன் தோன்றுகிறது என்பதை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஆர். டபிள்யூ. ஜி. ஹண்டின் பெயராலேயே இன்று அது ஹண்ட் விளைவு எனப்படுகிறது. வெயிலில் வெள்ளைத்தாள் கண்ணைக் கூசச் செய்வதால் ஓவியர் தம்மை அறியாமலேயே கருமையான கலவைகளை நாடுகிறார். அங்கே அவை துலக்கமாகவும் தெரிகின்றன. அறைக்குள் வந்ததும் அந்தத் துலக்கம் போய்விடுகிறது, கருமை மட்டும் தங்கிவிடுகிறது.

ஒளியின் அளவைப் போலவே அதன் நிறமும் மாறுகிறது. காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. 650 நானோமீட்டர் சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பதற்கும், தொலைவிலுள்ள மலைகள் நீலம் பூத்துத் தெரிவதற்கும் காரணம் இதுவே. வெயில் படாத நிழலுக்கு வானத்தின் ஒளியே கிடைப்பதால் அதுவும் நீலச்சாயல் கொள்கிறது. நிழலைக் கறுப்பால் தீட்டுபவர்கள் பெரும்பாலும் அறைக்குள் கற்றவர்கள் என்பது என் எண்ணம். பகலில் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் சிவப்புப் பூ அந்தி மங்கியதும் கருத்துப்போக, இலைகள் ஒப்பீட்டளவில் வெளிறித் தெரிவது வேறு கதை: அப்போது பார்வைப் பொறுப்பு விழித்திரையில் நிறங்களைப் பிரித்தறியும் கூம்பு செல்களிடமிருந்து, மங்கிய ஒளியில் வேலை செய்யும், சிவப்பை ஏறத்தாழ உணராத குச்சி செல்களுக்குக் கைமாறுகிறது.

ஒளியின் இந்த ஓட்டத்தைப் பிரெஞ்சு ஓவியர் மோனேயைப் போலத் துரத்தியவர்கள் குறைவு. பிரான்ஸின் ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை அவர் 1892, 1893 ஆண்டுகளில் எதிரே இருந்த கட்டடங்களின் சாளரங்களிலிருந்து பார்த்து, ஒளி மாறமாற ஒரு ஓவியச்சீலையை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துத் தீட்டினார். முப்பதுக்கும் மேற்பட்ட அந்த ஓவியங்களுக்கு இறுதி வடிவம் தந்தது ஜிவெர்னியில் இருந்த தம் ஓவியக்கூடத்தில். வெளியும் அறையும் அவருக்கு ஒரே வேலையின் இரு பாதிகளாக இருந்தன.

அந்த அறையை எப்படி அமைப்பது? ஓவியக்கூடத்திற்கு வடக்குச் சாளரம் வேண்டும் என்பது ஐரோப்பிய மரபு. சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும் நாடுகளில் வடக்குச் சாளரத்தின் வழியே வானத்தின் பரவலான ஒளி மட்டுமே பெரும்பாலும் வருகிறது. நாள் முழுவதும் அது அதிகம் மாறுவதில்லை. தென்கோளத்தில் திசையைத் திருப்பிக்கொள்ள வேண்டும். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட நாடுகளில் சூரியன் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கேயும் மறுபகுதியில் தெற்கேயும் செல்வதால், இந்த விதியை அப்படியே நம்புவது வீண். ஒளியைப் பரப்பும் மெல்லிய வெள்ளைத் திரை அங்கே திசையைவிட அதிகம் உதவும்.

இரவில் வேலை செய்பவர்கள் விளக்கின் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒளி மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்பதைக் குறிக்கும் நிற வெப்பநிலை 5,000 கெல்வின் அளவில் இருந்தால் பகலொளிக்கு நெருக்கமாக இருக்கும். பழைய குண்டு பல்பின் 2,700 கெல்வின் ஒளியில் மஞ்சளும் வெள்ளையும் குழம்பிவிடும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் 90-க்கு மேல் இருப்பது நல்லது. இல்லாவிட்டால் ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோல் தோன்றும் இரு கலவைகள், பகலில் பார்க்கும்போது வெவ்வேறாகப் பிரிந்து நிற்கக்கூடும். வண்ணத்தட்டின் மீதும் ஓவியத்தின் மீதும் ஒரே விளக்கின் ஒளி விழவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சுவரின் நிறமும் கணக்கில் சேரும். பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்ற முறையீட்டை ஆராய்ந்தபோது, சாயத்தில் பிழையில்லை, அருகிலிருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோர்வாகக் காட்டின என்று கண்டறிந்தார். 1839-ல் அதைப் பெரிய நூலாகவே வெளியிட்டார். பளிச்சென்ற நிறச்சுவர் ஓவியத்தின் பின்னணியாகி இதே போல் கண்ணை ஏமாற்றுவதோடு, தன் நிறத்தை ஒளியோடு கலந்து தாளின் மீதும் வீசுகிறது. மங்கிய சாம்பல் நிறம் அழகாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் குறுக்கிடாது.

வெயிலில் ஏற்படும் பிழைக்கு எளிய மாற்று ஒன்று உண்டு. வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஒன்பது படிகளில் சாம்பல் தீட்டிய அட்டைத்துண்டு ஒன்றை அறையிலேயே தயாரித்து, வெளியே செல்லும்போது எடுத்துச் சென்று, தாளில் இட்ட கலவையின் அருகே வைத்து ஒப்பிட வேண்டும். எவ்வளவு வெயிலடித்தாலும் அட்டையின் மீதும் கலவையின் மீதும் விழுவது ஒரே ஒளி என்பதால், நான்காம் படிக்கு இணையான கலவை அறைக்குள் வந்த பிறகும் நான்காம் படியிலேயே இருக்கும்.