கிடேரி ஊசியும் ஹோக்ஸ்ட் 33342-ம்

"கிடேரிக் கன்றாகவே பிறக்க ஊசி போடுகிறார்களே, அதில் என்ன மருந்து கலக்கிறார்கள்? பாலில் இறங்குமா?" என்று கேட்டிருக்கிறார் மாடு வளர்க்கும் வாசகர் ஒருவர்.

கிடேரி பிறக்க வைக்கும் மருந்து என்று எதுவும் கிடையாது. வழக்கமான சினை ஊசியில் போகும் அதே காளை விந்துதான். ஒய் குரோமோசோம் உள்ள விந்தணுக்களைப் பெரும்பாலும் கழித்துவிட்டு, எக்ஸ் உள்ளவற்றைக் குச்சி எனப்படும் மெல்லிய குழாயில் அடைத்து உறைய வைக்கிறார்கள். எக்ஸ் சேர்ந்தால் கிடேரி, ஒய் சேர்ந்தால் காளை. பிரிப்பதற்காக ஒரு சாயம் ஏற்றுவது உண்மை. ஆனால் ஒரு குச்சியில் அணுக்களோடு ஒட்டிப்போவது மிக மிகச் சொற்பம். பால் கறக்கும் காலம்வரை அது தங்க வழியில்லை.

நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு வகை அணுவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எக்ஸ் பெரிய குரோமோசோம் என்பதால், அதைச் சுமக்கும் அணுவில் டிஎன்ஏ சற்றுக் கூடுதல். மாட்டில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 3.8 சதவீதம். அதை ஒவ்வோர் அணுவிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். அளந்த பிறகும் அணு நீந்த வேண்டும். இங்கேதான் ஹோக்ஸ்ட் 33342 என்ற அந்தச் சாயம் வருகிறது. ஹோக்ஸ்ட் என்பது ஜெர்மன் ரசாயன நிறுவனத்தின் பெயர். எண், அவர்களுடைய சேர்மப் பட்டியலின் வரிசை எண்.

இந்தச் சாயம் தண்ணீரில் கிடக்கும்போது கிட்டத்தட்ட இருட்டு. புற ஊதா ஒளியை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. இதன் வளையங்கள் ஒற்றைப் பிணைப்புகளால் கோக்கப்பட்டவை. அதனால் முறுக்கி முறுக்கி ஆடும். வாங்கிய ஆற்றல் அந்த ஆட்டத்திலும், சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகளிடமும் வெப்பமாகக் கரைந்துவிடும்.

டிஎன்ஏவின் முறுக்கேணியில் இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன. ஒன்று அகலம், மற்றது குறுகல். நீண்டு வளைந்த இந்த மூலக்கூறு குறுகிய பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. டிஎன்ஏவின் படிகள் அடினின்–தைமின், குவானின்–சைட்டோசின் என்ற இரண்டு வகை இணைகளால் ஆனவை. குவானின் வரும் இடத்தில் அதன் அமினோ தொகுதி பள்ளத்துக்குள் துருத்திக்கொண்டு நிற்பதால் சாயத்துக்கு இடமில்லை. அடினின்–தைமின் இணைகள் நாலைந்து தொடர்ந்து வந்தால் பள்ளம் இன்னும் ஒடுங்கும், எதிர்மின்தன்மையும் கூடும். நேர்மின்னூட்டம் கொண்ட சாயத்துக்கு அதுதான் தோதான இடம். அடினினின் நைட்ரஜனோடும் தைமினின் ஆக்சிஜனோடும் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு உட்கார்ந்துவிடும். இரு பக்கச் சுவரும் நெருக்குவதால் இனி வளையங்கள் ஆட முடியாது, தண்ணீரும் விலகிவிட்டது. ஆற்றலுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் நீல ஒளியாக, 460 நானோமீட்டரை ஒட்டி, வெளிவருகிறது. ஒளிர்வு சுமார் 30 மடங்கு கூடுகிறது! மிச்சச் சாயத்தைக் கழுவி எடுக்கவே தேவையில்லை. ஒட்டாதது தானாகவே இருட்டாக இருக்கும். ஒளியின் அளவைப் பார்த்தால் டிஎன்ஏவின் அளவு தெரிந்துவிடும். வேதியியலில் இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதன் அண்ணன் 33258-ல் ஒரு முனையில் ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. 33342-ல் அந்த இடத்தில் எத்தாக்சி தொகுதி. அந்தச் சின்ன மாற்றத்தால் கொழுப்பில் எளிதாகக் கலந்து, உயிருள்ள செல்லின் சவ்வைச் சுலபமாகக் கடக்கிறது. புரோபிடியம் அயோடைடு போன்ற சாயங்களோ செத்த செல்லுக்குள்தான் நுழையும்.

சாயம் ஏறிய அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓட விடுகிறார்கள். காளையின் விந்தணுத் தலை பூசணி விதைபோலத் தட்டை. விளிம்பு தெரிந்தால் ஒரு பிரகாசம், முகம் தெரிந்தால் வேறு பிரகாசம். 3.8 சதவீதத்தைத் தேடும் இடத்தில் இது பெரிய தலைவலி. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும்படி குழாய் முனையைச் செதுக்கித்தான் சமாளித்தார்கள். செத்த அணுக்களைக் கழிக்க, உணவில் சேர்க்கும் சிவப்புச் சாயம் ஒன்றையும் கலக்கிறார்கள். சவ்வு கிழிந்த அணுவுக்குள் மட்டும் அது புகுந்து நீல ஒளியை அமுக்கிவிடும். பிறகு ஓடை துளிகளாக உடைகிறது. எக்ஸ் உள்ள துளிக்கு ஒரு மின்னூட்டம், ஒய் உள்ளதற்கு எதிர் மின்னூட்டம். மின்புலத்தில் ஆளுக்கொரு பக்கம் விலகி விழும். துல்லியம் ஏறக்குறைய 90 சதவீதம்.

1982-ல் வோல் என்ற எலியினத்தில் இப்படிப் பிரித்துக் காட்டியவர் டேனியல் பிங்கல். இடம், அமெரிக்காவின் அணு ஆயுத ஆய்வுக்கூடமான லாரன்ஸ் லிவர்மோர். கதிர்வீச்சு விந்தணுவின் டிஎன்ஏவை என்ன செய்கிறது என்று அளக்கும் வேலையும் அங்கே நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க வேளாண் துறையின் லாரன்ஸ் ஜான்சன் குழு, ஹோக்ஸ்ட் 33342 ஏற்றிப் பிரித்த உயிருள்ள அணுக்களால் முயல் குட்டிகளைப் பிறக்க வைத்தது 1989-ல். இதே பள்ளத்தில் உட்காரும் இன்னொரு சாயமான டாப்பி, ஒட்டுண்ணியால் வரும் உறக்க நோய்க்கு மருந்து தேடியபோது ஜெர்மன் வேதியியலர் ஓட்டோ டானின் ஆய்வகத்தில் உருவானது. நிதி கேட்டுப் போகிறவரிடம் "இதனால் விவசாயிக்கு என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லும் குழுக்கள், இவர்களில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கும்?

மனிதரில் இந்த வித்தியாசம் சுமார் 2.8 சதவீதம், பிரிக்க முடியும். இந்தியாவில் கருத்தரிப்புக்கு முன்பே பாலினம் தேர்வு செய்வதைச் சட்டம் தடுக்கிறது. தடுக்கத்தான் வேண்டும். ஆண் பிள்ளைக்காகப் பரிகாரம் விற்பவர்கள் கையில் லேசரும் கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

வாசகருக்கு ஒன்று: சாயம், லேசர், குழாய் அழுத்தம் எல்லாவற்றையும் தாண்டி வரும் அணுக்கள் கொஞ்சம் களைத்தே இருக்கும், குச்சியில் எண்ணிக்கையும் குறைவு. அதனால் சினை பிடிப்பது சாதா ஊசியைவிடக் குறையலாம். நல்ல உடற்கட்டோடு பருவத்துக்கு வரும் கிடேரிகளுக்கு முதலில் போடுங்கள். சினைப்பருவ அறிகுறி கண்ட நேரத்தைக் குறித்து வைத்துக் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.