கத்தரிப்பூவை உலுக்கும் மண்வீட்டுத் தேனீ

தேனீ என்றதும் ராணி, அடை, ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்கள் என்றுதான் நினைவுக்கு வரும். ஆனால் உலகிலுள்ள தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. நம் ஊர்க் கத்தரித் தோட்டங்களுக்கு வரும் நீலப்பட்டைத் தேனீயும் அப்படித்தான். கறுத்த வயிற்றில் மின்னும் நீலக் கோடுகளோடு பூ முன்னே அந்தரத்தில் நின்றுவிட்டு, சட்டென்று அடுத்த பூவுக்குப் பாயும். அமெகில்லா என்ற பேரினத்தைச் சேர்ந்தது.

கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் வெளியே தூவிக் கிடக்காது. கத்தரியின் மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைகள்தான் உண்டு, மிளகுத்தூள் குப்பி மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்களுக்கு இந்த வித்தை வராது. நீலப்பட்டைத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை அடிக்காமல், பறக்க உதவும் மார்புத் தசைகளை மட்டும் அதிரவைக்கிறது. அந்த ரீங்காரம் நம் காதுக்கே கேட்கும். மகரந்தம் தெறித்து உடம்பு மயிரில் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவிலுள்ள இதன் உறவினம் ஒன்று நொடிக்குச் சுமார் 350 தடவை தலையால் மகரந்தப்பையை முட்டுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கத்தரிப்பூ தன் மகரந்தத்திலேயே காய்க்கக் கூடியதுதான். இப்படி உலுக்கிவிட்டால் காய்ப்பிடிப்பு கூடும்.

சரி, சேர்த்த மகரந்தம் எங்கே போகிறது? மண்ணுக்குள். வரப்பு, மண்சுவர் போன்ற இடங்களில் பெண் தேனீ தாடையாலும் கால்களாலும் வளை தோண்டுகிறது. உள்ளே சின்னக் குடம் போன்ற அறைகள். அவற்றின் சுவரை நன்றாக வழவழப்பாக்கி, தன் உடலில் சுரக்கும் மெழுகு போன்ற பொருளைப் பூசுகிறது. ஈரமும் பூஞ்சையும் உள்ளே வராமலிருக்க இந்தப் பூச்சு உதவுகிறது. மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து அறையில் வைத்து, ஒரே ஒரு முட்டையிட்டு, மண்ணால் அடைத்துவிடும். புழு வளர்ந்து தேனீயாக வெளியே வரும்வரை அந்தக் கட்டுச்சோறுதான்.

ஆணுக்கு இந்த வேலை எதிலும் பங்கில்லை. அதற்குக் கொடுக்கும் கிடையாது. இரவில் செடித்தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, பல ஆண்கள் வரிசையாகத் தூங்கும்.

தாய் வெளியே போன நேரம் பார்த்து நுழைகிற ஒரு திருடியும் உண்டு. உடம்பெல்லாம் நீலப் புள்ளிகள் கொண்ட குயில் தேனீ. அது இட்ட முட்டையிலிருந்து வரும் புழு, வீட்டுக்காரியின் பிள்ளைக்கான உணவைத் தின்று வளரும்.

திருடியைவிடப் பெரிய ஆபத்து கொத்தும் கடப்பாறையும்தான். வரப்பை ஆழக் கொத்தினாலோ, மண்சுவரை இடித்துச் சிமெண்ட் பூசினாலோ அடுத்த தலைமுறையே போய்விடும். சில வாரங்களே வாழும் ஒரு தாயால் கட்ட முடிவது கொஞ்சம் அறைகள்தான், ஆகவே அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.